வீட்டுப் பத்திரத்தை வைத்து எச்.சி.ஐ. படிக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் திருநெல்வேலி, வயது 26. இ.சி.இ. முடித்துவிட்டு, சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் நான்கு ஆண்டாக ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். எச்.சி.ஐ. எனப்படும் மனித-கணினி ஊடாட்டத் துறையில் மாஸ்டர்ஸ் செய்ய ஆசை. ஆனால் எனக்கு ஓவியம் சுத்தமாக வராது. அலுவலக வேலை முழுவதும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வருவதால் போர்ட்ஃபோலியோவில் காட்ட ஒன்றுமில்லை. அமெரிக்காவா, ஜெர்மனியா, ஐ.ஐ.டி.யா என்று குழம்புகிறேன். 40 லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்க அப்பா தயாராக இருக்கிறார். தயாரிப்புக்காக வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் படிப்பில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

எச்.சி.ஐ. முதுகலையில் திரை வடிவமைப்பது சிறிய பங்குதான். ஆட்களைத் தேடிப் பிடிப்பது, அவர்கள் ஒரு காரியத்தைச் செய்வதை அருகிலிருந்து பார்த்துக் குறிப்பெடுப்பது, பேட்டிகளை எழுத்தாக்குவது, மாதிரி ஒன்றைக் கட்டிச் சோதிப்பது, கிடைத்த முடிவை அறை நிறைய ஆட்களின் முன் நியாயப்படுத்துவது: பெரும்பகுதி நேரம் இவற்றில்தான் போகும். ஒரு மணி நேரப் பேட்டியை மென்பொருள் துணையோடு எழுத்தாக்கிச் சரிபார்க்கவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்றால் இன்னும் கூடும். புள்ளியியலும் அறிதல் உளவியலும் பெரும்பாலான இடங்களில் உண்டு. எடுத்துக்காட்டாக, தொட வேண்டிய இலக்கு தூரத்தில் இருந்தால் நேரம் கூடும், அகலமாக இருந்தால் குறையும், தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையோடு நேரம் நேர்கோட்டில் ஏறும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சோதனையில் காட்டினார். பொத்தானை எவ்வளவு பெரிதாக, எங்கே வைப்பது என்ற விவாதத்தில் இன்றும் அந்தச் சமன்பாடு வந்து நிற்கும். இப்படி அளந்து, வாதிட்டு, மறுபடி அளக்கும் வேலை பிடித்தால் வாருங்கள். நிறம், எழுத்துரு, அசைவூட்டம் ஆகியவைதான் உங்களை இழுக்கின்றன என்றால் காட்சித் தொடர்பு சார்ந்த வடிவமைப்புப் படிப்பே பொருத்தம். எச்.சி.ஐ.யில் ஏமாந்துபோவீர்கள்.

ஓவியக் கவலைக்கு விடை நீங்கள் எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க, ஐரோப்பிய எச்.சி.ஐ. படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓவியத் தேர்வு கிடையாது. கட்டமும் அம்புக்குறியும் போடத் தெரிந்தால் போதும். ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) என்றால் சீட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. அங்கே கையால் வரைந்தே ஆக வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் இந்தத் தேர்வு ஜனவரியில் வரும். பகுதி அ கணினியில் ஒரு மணி நேரம். பகுதி ஆ தாளில் இரண்டு மணி நேரம். பகுதி அ-வில் வடிகட்டப்பட்டவர்களின் பகுதி ஆ மட்டுமே திருத்தப்படும். இறுதி மதிப்பெண்ணில் பகுதி அ-வுக்கு 25 விழுக்காடு, பகுதி ஆ-வுக்கு 75 விழுக்காடு. பொறியியல் மாணவர்கள் அ-வில் தாண்டி ஆ-வில் சறுக்குவது வழக்கம். அழகாக வரையாததைவிட, மனித உருவத்தின் அளவும் பொருளின் கோணமும் தப்பாகப் போவதாலும், ஒரே யோசனையை நான்கு விதமாகப் போட்டுவிட்டு நான்கு யோசனை என்று நினைப்பதாலும்தான் மதிப்பெண் போகிறது. தினம் அரை மணி நேரம், ஒரு பொருளை மூன்று கோணத்தில், அதைப் பிடித்திருக்கும் கையோடு சேர்த்து வரைந்து ஆறு மாதம் பழகினால் இது கைவரும். வயது வரம்பு இல்லை, எத்தனை முறையும் எழுதலாம்.

இனி எந்த இடம் என்பது. தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். படிப்பின் முடிவில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு: வெளி நிறுவனம் தரும் சிக்கலைக் குழுவாகத் தீர்க்கும் கேப்ஸ்டோன், தனியாக எழுதும் தீசிஸ், இடையில் ஒரு கோடைக்கால இன்டர்ன்ஷிப். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் எம்.எச்.சி.ஐ. பன்னிரண்டு மாதப் படிப்பு. ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடியும். கடைசி ஏழெட்டு மாதம் கேப்ஸ்டோன். கோடையும் அதிலேயே போய்விடுவதால், பட்டம் வாங்குவதற்குமுன் இன்டர்ன்ஷிப் போக இடமில்லை. ஏற்கெனவே துறைக்குள் இருப்பவருக்கு இது கச்சிதம். டெவலப்பராக இருந்து பாதை மாறுபவருக்கு, முதல் அமெரிக்க அனுபவமே முழுநேர வேலைக்கான நேர்காணலாக அமைந்துவிடும். ஜார்ஜியா டெக்கின் எம்.எஸ். இரண்டாண்டு. கணினியியல், உளவியல், தொழில்துறை வடிவமைப்பு, டிஜிட்டல் ஊடகம் என நான்கு துறை வழியாகச் சேரலாம், நடுவில் கோடை கிடைக்கும். மிச்சிகனின் தகவலியல் பள்ளியும் இரண்டாண்டுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நான்கு துறைகள் சேர்ந்து நடத்தும் ஓராண்டுப் படிப்பும், வேலை பார்ப்பவர்களுக்காக மாலை வகுப்புகளோடு எச்.சி.டி.இ. (மனித மைய வடிவமைப்பு, பொறியியல்) துறை நடத்தும் படிப்பும் தனித்தனி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் விண்ணப்பத்தில் மாற்றி எழுதுபவர்கள் உண்டு. பிறகு பி.எச்டி. செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் தீசிஸ் வழி உள்ள இடமாகப் பாருங்கள். கேப்ஸ்டோன் மட்டும் உள்ள பட்டத்தோடு ஆய்வுப் படிப்புக்குப் போகலாம், ஆனால் ஆய்வு செய்த சான்றை வேறு வழியில் காட்ட வேண்டிவரும்.

அமெரிக்காவைப் பற்றி இன்னொரு விவரம். எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவர்கள் பட்டத்துக்குப் பின் 12 மாதம் வேலை செய்யலாம். அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதைத் தீர்மானிப்பது பட்டத்தின் பெயர் அல்ல, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் சி.ஐ.பி. எனும் பாடப்பிரிவு எண். மனித மையத் தொழில்நுட்ப வடிவமைப்பு என்ற பிரிவு 2022 ஜனவரியில்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இரு பல்கலைக்கழகங்களின் எச்.சி.ஐ. பட்டங்கள் இரு வேறு எண்ணின்கீழ் இருக்கக்கூடும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்குமுன் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பி அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டா, ஓராண்டா என்பது கடன் கணக்கையே புரட்டிப்போடும். அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கென 20,000 இடங்களும்தான். உங்கள் திட்டம் அந்தக் குலுக்கலில் பெயர் வந்தால் மட்டுமே நிற்கும் என்றால் அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியில் வைமாரின் பவ்ஹவுஸ் பல்கலைக்கழகமும் ஸீகன் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்திலேயே எச்.சி.ஐ. எம்.எஸ்சி. நடத்துகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை, பருவக் கட்டணம் மட்டும். பாடன்-வ்யூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஒரு விதிவிலக்கு: அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். விசாவுக்கு முன், கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். மாதந்தோறும் அளவாக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ போட வேண்டும். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும் என்பதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் மறுபடி பாருங்கள். உங்களுக்கு அங்கே இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது, இ.சி.இ.யில் படித்த கணினி அறிவியல் பாடங்களை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். தரவுக் கட்டமைப்பு, நிரலாக்கம், தரவுத்தளம் போன்றவை எத்தனை கிரெடிட் என்று மதிப்பெண் பட்டியலை வைத்து நீங்களே முதலில் கணக்கிடுங்கள். குறைந்தால் எவ்வளவு நல்ல போர்ட்ஃபோலியோவும் காப்பாற்றாது. இரண்டாவது மொழி. நிரல் எழுதும் வேலைக்கு ஆங்கிலம் வைத்துச் சமாளிக்கலாம். பயனர் ஆய்வு என்பது அந்த ஊர்க்காரரை உட்காரவைத்துப் பேசுவது. ஜெர்மன் பி2 அளவுக்கு வராதவரை அந்த வேலைக்கதவு பாதிதான் திறக்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் (யு.சி.எல்.) ஓராண்டு எம்.எஸ்சி. நல்ல ஆய்வுப் பயிற்சி தரும். ஆனால் படிப்புக்குப் பின் தங்கும் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இந்தியாவில் ஐ.ஐ.டி. பம்பாயின் ஐ.டி.சி. 1969-லிருந்து இயங்கும் வடிவமைப்புப் பள்ளி. இன்டராக்‌ஷன் டிசைனில் எம்.டெஸ். அங்கே தனியாகவே உண்டு. குவாஹாட்டி, டெல்லி, ஹைதராபாத், கான்பூர் ஐ.ஐ.டி.களையும் பாருங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் எம்.டெஸ்.ஸுக்குப் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) மதிப்பெண்ணையும் ஏற்கிறது என்பது பொறியியல்காரர்கள் பலர் கவனிக்காத வழி. தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு (என்.ஐ.டி.) தனித் தேர்வு.

வேலையை விடாமல் படிக்க இன்னொரு வழியும் உண்டு. ஜார்ஜியா டெக் 2014-லிருந்து நடத்தும் இணையவழி கணினி அறிவியல் முதுகலையில் எச்.சி.ஐ.யைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். பத்துப் பாடம், மொத்தச் செலவு பத்தாயிரம் டாலருக்குள். விசா கிடைக்காது, பட்டத்தில் கணினி அறிவியல் என்றுதான் இருக்கும், கேப்ஸ்டோன் குழுவும் கிடையாது. ஆனால் முதல் பாடமாக எச்.சி.ஐ.யையே எடுத்துப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் ஒரு பருவக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் இப்படி ஒரு பருவம் படித்துப் பார்ப்பது மலிவான பரிசோதனை.

போர்ட்ஃபோலியோவுக்கு வருகிறேன். உங்கள் சேர்க்கையைத் தீர்மானிக்கப்போவது இதுதான், பெரும்பாலானோர் தவறான இடத்தில் உழைப்பதும் இதில்தான். பிரபல உணவு விநியோகச் செயலியை யாரும் கேட்காமலேயே புதிதாக வரைந்து வைப்பது மிகப் பழைய வழக்கம். படிக்கும் குழுவுக்கு அதில் தெரியவருவது உங்களுக்கு ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருள் வரும் என்பது மட்டுமே. அதற்குப் பதில் சிறிய, முழுமையான ஆய்வு ஒன்றைச் செய்யுங்கள். வார இறுதிகளில் மட்டும் உழைத்தால் மூன்று மாதம் போதும்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்: ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கைபேசியில் தமிழில் எப்படி எழுதுகிறார்கள்? தமிழ் எழுத்துகள் காட்டும் விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை, குரல்வழி என மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரே ஆள் மூன்று முறையையும் செய்தால் குறைந்த ஆட்களே போதும். ஆனால் முதலில் செய்தது பழக்கத்தைத் தந்து, கடைசியில் செய்தது சோர்வைத் தரும். அதனால் வரிசையை மாற்றிப் போட வேண்டும். மூன்று முறைக்கு ஆறு வரிசை வரும், 12 பேர் என்றால் வரிசைக்கு இரண்டு பேர். 10 பேர், 11 பேர் என்று நிறுத்தினால் சமநிலை குலையும். முறைக்குப் பத்துச் சொற்றொடர், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் கணக்கில் சேராத பயிற்சிச் சொற்றொடர் இரண்டு. ஆளுக்கு முக்கால் மணி நேரம். நேரத்துக்கு ஈடாக 200, 300 ரூபாய் கொடுங்கள். தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவம் வேண்டும். எதைப் பதிவு செய்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள், நடுவில் எழுந்து போகலாமா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அம்மாவையும் சித்தியையும் முன்னோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சேர்த்தால் உங்களை மகிழ்விக்கவே எழுதுவார்கள்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். வாசிப்புக் கண்ணாடி கொண்டுவர மறப்பார்கள். அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல் பரிந்துரையை ஒருவருக்குத் திறந்தும் இன்னொருவருக்கு மூடியும் வைத்தால் ஒப்பீடே செல்லாது. மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தால் குரல்வழி தோற்கும், தோற்றது மின்விசிறியாலா முறையாலா என்று பிறகு பிரிக்க முடியாது. குரல்வழியில் நேரத்தை மைக் பொத்தானைத் தொட்டதிலிருந்து எண்ண வேண்டும், முதல் எழுத்து தோன்றியதிலிருந்து எண்ணினால் அது அநியாயமாக வேகமாகத் தெரியும்.

பிழையை எண்ணுவது இன்னும் நுட்பம். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தை ஒரு சொல்லாக வைத்து வேகம் கணக்கிடுவது மரபு. தமிழுக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு. ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே சொல்லும். அதிலேயே உள்ள Intl.Segmenter என்ற எழுத்துப் பிரிப்பானைக் கொண்டு பிரித்தால் மூன்று வரும். ‘கொ’ இரண்டு குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக மூன்று குறியீடாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடுவதற்குமுன் எல்லாவற்றையும் ஒரே நார்மலைசேஷன் வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் சரியாக எழுதியவரும் பிழை செய்தவராகக் கணக்கில் ஏறுவார். எந்த அலகில் எண்ணினீர்கள், ஏன் என்று ஒரு பத்தி எழுதுங்கள். தமிழ் தெரியாத பேராசிரியரும் அந்தப் பத்தியில் நின்று படிப்பார். ஃப்ரன்ட் எண்ட் அனுபவமும் தாய்மொழியும் ஒன்றாகச் சேர்ந்து உங்களுக்கு மட்டுமே வாய்த்த இடம் அது.

ஒவ்வொரு முறை முடிந்ததும், பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் எஸ்.யு.எஸ். வினாத்தாளைக் கொடுங்கள். ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியத்தில் போட்ட எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் போட்ட எண்ணை 5-லிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு ஒரு மதிப்பெண் வரும். அது விழுக்காடு கிடையாது. 68 சராசரி என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு, எனவே 65 வாங்கியதை முதல் வகுப்பு என்று எழுதிவிடாதீர்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. தமிழாக்கிக் கொடுக்கும்போது பெரியவர்கள் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 5 போடுவார்கள். அப்படிப் போட்டால் மதிப்பெண் சரியாக 50 வரும். அந்தத் தாள்களைத் தனியே எடுத்துவைத்து, வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேளுங்கள்.

எழுதும் நேரம் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒருவர் மூன்று மடங்கு நேரம் எடுத்தால் சராசரியே நகர்ந்துவிடும். இடைநிலை அளவைப் பயன்படுத்துங்கள், அல்லது மடக்கை எடுத்துக் கணக்கிடுங்கள், 95% நம்பக இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள். 12 பேரை வைத்துப் பெரிய வேறுபாடுகள் மட்டுமே தெரியும், அதை நேராக எழுதுங்கள். ‘ஐந்து பேர் போதும்’ என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். நீல்சன், லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993-ல் சொன்ன கணக்கு அது. ஒரு குறையை ஒரு பயனர் எதிர்கொள்ளும் வாய்ப்பு 31% என்றால், ஐந்து பேரில் ஒருவராவது அதைக் காட்டிவிடும் வாய்ப்பு சுமார் 84%. அந்த 31, 10 ஆனால் ஐந்து பேர் 41 விழுக்காட்டோடு நின்றுவிடுவார்கள். அதோடு அது குறை தேடும் சோதனைக்கான கணக்கு. முறைகளை ஒப்பிட அது உதவாது.

இரண்டாவது வேலையாக அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதை, எடுங்கள். திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் பிடித்து, சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்கிப் பாருங்கள், பிறகு ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடு, பெரிய எழுத்துக்கு 3:1, தொடும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 பிக்சல்: இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2-ன் இந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். கண்ட குறையை நீங்களே நிரலில் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரெக்வெஸ்ட் அனுப்புங்கள். பராமரிப்பவர்களோடு நடந்த விவாதம் பொதுவெளியில் இருக்கும். உங்கள் ரகசிய ஒப்பந்தச் சிக்கலுக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை. இந்தத் திறனுக்குத் தேவையும் கூடிவருகிறது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஐ.எஸ். 17802 தரநிலையும் உள்ளன. 2022 இறுதியில் தொடங்கிய ஆள்குறைப்பில் பயனர் ஆய்வாளர்கள் பலர் வேலை இழந்தார்கள், திரைகளை இப்போது கருவிகளே வரைந்து தள்ளுகின்றன. இந்தச் சந்தையில் ஆய்வும் செய்து நிரலும் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு படி முன்னுரிமை உண்டு. டெவலப்பர் என்ற அடையாளத்தை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

அலுவலக வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லக் கூடாது என்பதில்லை. உங்கள் பங்கு என்ன, என்ன கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்தீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள் என்பதை வாடிக்கையாளர் பெயரும் எண்களும் இல்லாமல் எழுதலாம். உண்மைத் திரையை மங்கலாக்கிப் போடாதீர்கள். மங்கலிலும் சின்னமும் வண்ணமும் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் கட்டங்களால் புதிதாக வரையுங்கள், மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வையுங்கள். ரகசியத்தைக் கசியவிட்ட போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவர், நாளை தன் திட்டத்தின் கதியும் இதுதான் என்றே எண்ணுவார்.

மொத்தம் இரண்டு அல்லது மூன்று வேலைகள் போதும். ஒவ்வொன்றின் முதல் திரையிலும் கேள்வி, யாரிடம் கேட்டீர்கள், கண்டது, அதனால் மாறியது ஆகிய நான்கும் தெரிந்துவிட வேண்டும். மஞ்சள் சீட்டு ஒட்டிய சுவரின் படமும், வடிவமைப்புப் படிகளை இரண்டு வைர வடிவங்களாகக் காட்டும் செயல்முறைப் படமும் வேண்டாம். எல்லோருடைய பக்கத்திலும் அவை இருக்கின்றன. எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கையில் பேராசிரியர் பெயரைக் குறிப்பிட்டால், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் உங்கள் ஆய்வோடு தொடும் இடத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெயரே வேண்டாம். பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த டீம் லீட் எழுதுவதே எடுபடும்.

இப்போது பணம். 40 லட்சம், 11% வட்டி, பத்தாண்டு என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். அது படிப்புக்கால வட்டியைச் சேர்க்காத கணக்கு. இரண்டாண்டுப் படிப்பும் ஆறு மாத அவகாசமும் சேர்ந்து இரண்டரை ஆண்டு ஒன்றும் கட்டாமல் விட்டால், தொகை முழுவதும் தொடக்கத்திலேயே வாங்கியதாக வைத்துச் சாதாரண வட்டி மட்டும் 11 லட்சம். அசல் 51 லட்சமாகி, தவணை 70,000-ஐத் தொடும். பருவம் பருவமாக வாங்கினால் இது குறையும், படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் 55,000-லேயே நிற்கும். கார்னகி மெலன் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் என்பதால் 40 லட்சம் பாதிகூட வராது. மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு முழு உதவித்தொகை அரிது. கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வரிவிலக்கு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் மட்டும்.

ஊர் திரும்பி பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்தால் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்று, இப்போது அந்த வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். தவணை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கடனை எடுக்காதீர்கள், வீட்டை அடமானம் வைக்கவே வைக்காதீர்கள். டாலர் சம்பளத்தில் மட்டும் அடைக்கக்கூடிய கடனுக்கு அப்பாவின் வீடு ஈடாக நிற்கிறது. விசா விதி மாறினால் உங்களைவிட அவருக்குத்தான் முதலில் அடி. உங்கள் நிலையில் சீட் தேர்வையும், கிரெடிட் கணக்கு ஒத்துவந்தால் ஜெர்மனியையும் முதல் தேர்வாக வைப்பேன். அமெரிக்காவில் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் உள்ள இரண்டாண்டுப் படிப்பு ஒன்றிரண்டுக்கு மட்டும் விண்ணப்பிப்பேன். ஓராண்டுப் படிப்பை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வேலையை இப்போது விடாதீர்கள். ஜூனில் ஆய்வைத் தொடங்கினால் ஆகஸ்டில் முடியும், செப்டம்பரில் எழுதலாம், அக்டோபரில் சீட் பதிவும் ஆங்கிலத் தேர்வும், டிசம்பர், ஜனவரியில் அமெரிக்க விண்ணப்பங்களும் வரும். இவையெல்லாம் மாலையிலும் வார இறுதியிலும் அடங்கக்கூடியவை. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகும் ஐ-20 கையில் வந்து விசா நேர்காணல் முடியும்வரை ராஜினாமா கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் கணக்கு இடிக்கும்: ஆகஸ்டில் வகுப்பு, மே மாதமே கடிதம் கொடுத்தாக வேண்டும், விசா ஜூனிலோ ஜூலையிலோ வரலாம். நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதையும், ரிலீவிங் லெட்டர் எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் மனிதவளத் துறையிடம் இந்த ஆண்டே எழுத்தில் கேட்டு வையுங்கள்.